சக்கரம் இருந்தும் நகராத ராடார்

லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகும் ராடார்களுக்கு இப்போது உலகெங்கும் கிராக்கி. ஒரே கருவி போர் விமானத்தையும் பார்க்கும், தாழப் பறக்கும் ஹெலிகாப்டரையும் ஆளில்லா விமானத்தையும் பார்க்கும். பாய்ந்து வரும் பீரங்கிக் குண்டைக்கூடக் கண்டு எச்சரிக்கை கொடுக்கும். ஸ்வீடன் தேசத்து ‘ஜிராஃப்’ இந்த ஜாதியைச் சேர்ந்தது. நீண்ட கம்பத்தை உயர்த்தி, மரங்களுக்கு மேலே தலையை நீட்டிப் பார்ப்பதால் அந்தப் பெயர். பொருத்தமான பெயர்தான்!

ராடாருக்குச் சக்கரம் எதற்கு? இருட்டில் விளக்கேந்தி நிற்கும் காவல்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். திருடன் அவன் கண்ணில் படுமுன்பே விளக்கு திருடன் கண்ணில் பட்டுவிடும். ராடார் அனுப்பும் அலையையே பிடித்துக்கொண்டு வந்து அதன் தலையில் விழும் ஏவுகணைகள் 1960-களிலேயே வந்துவிட்டன. எனவே, பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் விளக்கை அணைத்துவிட்டு இடம் மாறிவிட வேண்டும்.

இது தெரிந்திருந்தும் செய்யாதவர்கள் உண்டு. லெபனானின் பேகா பள்ளத்தாக்கில் 1981-ல் சிரியா தன் ஏவுகணை அணிகளைக் கொண்டுபோய் நிறுத்தியது. அவற்றில் பெரும்பாலானவை ‘சாம்-6’ வகை. ராடாரும் ஏவுகணையும் டாங்கி போன்ற வண்டிகளின் மேலேயே இருந்தன, நினைத்தபோது கிளம்பலாம். கிளம்பவில்லை. பழகிய இடத்திலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். இஸ்ரேலின் ஆளில்லா விமானங்கள் சாவகாசமாகப் படம் பிடித்துப் போயின. 1982 ஜூன் 9-ந் தேதி முதலில் போலி விமானங்கள் வந்தன. சிரியர்கள் ராடாரை முடுக்கினார்கள். பின்னாலேயே நிஜமான தாக்குதல் வந்தது. 19 அணிகளில் 17 அன்றே நாசமாயின.

செர்பியாவில் 1999-ல் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே இருந்தது ‘சாம்-3’ என்ற பழைய சரக்கு. அதைக் கழற்றி ஏற்றி மறுபடி நிறுத்துவதே பெரும்பாடு. ஆனால் அந்த அணியின் தலைவர் ஜோல்டான் டானி கண்டிப்பானவர். குறிபார்க்கும் ராடாரை ஏறத்தாழ 20 வினாடிக்கு மேல் எரியவிடக் கூடாது, வேலை முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டும் என்பது அவர் சட்டம். தூரத்தில் வருவதைக் காண மீட்டர் அலையில் இயங்கும் பழைய ராடார் ஒன்று. கண்ணில் படாமல் பறக்கும் விமானங்களின் மாயம் அந்த நீண்ட அலையிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. மார்ச் 27 இரவு அமெரிக்காவின் ‘எஃப்-117’ விமானம் ஒன்று அவர்களிடம் சிக்கி விழுந்தது. மே 2-ந் தேதி ஒரு ‘எஃப்-16’. (முதல் விமானத்தின் விமானியும் டானியும் பிற்காலத்தில் நண்பர்களானார்கள் என்பது வேறு கதை.)

நகர வசதியுள்ளவன் நகரவில்லை, வசதியில்லாதவன் நகர்ந்தான். ராடார் வாங்கும் சர்க்கார்கள் விலைப் பட்டியலைப் புரட்டும்போது இதை நினைக்கிறார்களா என்பது நமக்குச் சந்தேகமே. பல வேலை பார்க்கும் ராடாரில் ஆபத்து இன்னும் கொஞ்சம் கூடுதல். நாலு பேர் வேலையை ஒன்றே பார்ப்பதால், அதை அணைத்தால் நாலு பேருக்கும் கண் போய்விடும். “இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டுமே” என்று மேலிடம் சொல்லும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் குண்டு வருகிறது. ஆகவே ஒன்று நகரும்போது பார்க்க இன்னொன்று வேண்டும். வருஷத்தில் எத்தனை இரவுகள் கழற்றிப் பூட்டிப் பழகினார்கள், அதற்கு எவ்வளவு டீசல் ஒதுக்கப்பட்டது என்று சட்டசபைகளில் யாராவது கேட்க வேண்டும். அந்தப் பெட்டி வண்டிக்குள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும்.