மூணாவது ரெய்டு வரைக்கும் என்ன பண்றது?

இந்த வருஷ இன்டர்-டிபார்ட்மென்ட் கபடியை அப்படியே புரோ கபடி ரூல்ஸ்ல நடத்தலாம்னு ஒரு பேச்சு ஓடுது. நானும் ஆதரவுதான். ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது.

2014-ல லீக் வந்த பிறகுதான் நம்மள்ல பல பேர் கபடியையே ஒழுங்கா பார்த்தோம். ரெய்டுக்கு 30 செகண்ட். சூப்பர் டேக்கிள் ரூல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். களத்துல மூணு பேரோ அதுக்கும் கம்மியாவோ நின்னு ரெய்டரைப் பிடிச்சா ரெண்டு பாயின்ட். ஆல் அவுட் ஆகப்போற டீமுக்கும் ஒரு உயிர் இருக்கு.

பிரச்சினை 'டூ ஆர் டை'ல. தொடர்ந்து ரெண்டு ரெய்டு பாயின்ட் இல்லாம போனா, மூணாவதுல எடுத்தே ஆகணும், இல்லன்னா ரெய்டர் அவுட். வேகத்துக்காக வந்த ரூல். இப்ப என்ன நடக்குது? முதல் ரெண்டு ரெய்டுல போறாங்க, பாக் லைனைத் தாண்டுறாங்க, திரும்பி வர்றாங்க. எதிர் டீமும் கையைக் கட்டிக்கிட்டு மூணாவதுக்குக் காத்திருக்கு. வேகப்படுத்த வந்த ரூலே தூங்குறதுக்கு லைசென்ஸ் குடுத்துடுச்சு.

ரக்பியிலயும் இதே கதைதான். 2023 உலகக் கோப்பை ஃபைனல் பிரான்ஸ்ல நடந்துச்சு. தென்னாப்பிரிக்கா ஒரு ட்ரை கூட அடிக்காம, வெறும் பெனால்டி கிக்லயே நியூசிலாந்தை 12-11னு ஜெயிச்சாங்க. ஆஃப்சைடு ரூல்ல இருந்த ஒரு ஓட்டையை வெச்சு, ரெண்டு டீமும் மாத்தி மாத்தி பந்தை உதைச்சிக்கிட்டு, மத்தவங்க சும்மா நிக்கிற கூத்தும் நடந்துச்சு. 'டுபோன் லா'ன்னே அதுக்குப் பேரு. 2024 ஜூலையில அதை அடைச்சாங்க. கன்வெர்ஷன் கிக்குக்கும் 90 செகண்டை 60 ஆக்கினாங்க. ஓட்டை தெரிஞ்சா அடைக்கணும், அவ்ளோதான். நம்ம மேட்ச்ல ரெண்டாவது ரெய்டையே டூ ஆர் டை ஆக்கிப் பார்ப்போமே?

அடுத்தது இன்னும் முக்கியம். 'அதான் கடிகாரம் இருக்கே, கபடி கபடின்னு பாடுறது எதுக்கு'ன்னு சிலர் கேக்குறாங்க. இங்கதான் நான் சண்டைக்கு நிப்பேன். ரூல் புக்ல 'கேன்ட்'னு படிச்சிட்டு, பாகூர்ல இருக்கிற எங்க தாத்தாகிட்ட அர்த்தம் கேட்டேன். சிரிச்சிட்டு, "பாட்டுடா அது. மூச்சு விட்டா நீ அவுட்டு"ன்னார். அவங்க சடுகுடு ஆடினப்ப யார் கையிலயும் வாட்ச் கிடையாது. மூச்சுதான் டைமர். 30 செகண்ட் எல்லாருக்கும் ஒண்ணு, மூச்சு ஆளுக்கு ஆள் வேற. அவன் எப்ப திரும்புவான்னு டிஃபென்டர் காதாலதான் கண்டுபிடிக்கணும். டிவி சத்தத்துல அது நமக்குக் கேக்கிறதே இல்ல. அதனால தேவையில்லைன்னு ஆகிடுமா?

கிரவுண்டுல டிஜே பாக்ஸை ரெய்டு நடக்கும்போது மட்டும் நிறுத்துங்க. நடுக்கோட்டுப் பக்கத்துல ஒரு ஆளைப் பாட்டைக் கேக்கவே நிறுத்துங்க. இதுல எனக்கு லாபம் ஒண்ணும் இல்ல. எங்க மெக்கானிக்கல் டீம் மெயின் ரெய்டருக்கு 15 செகண்டுலயே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்.