உடல் பொது, மருந்து தனியுடைமையோ?

இயற்கை எவர்க்கும் தனிப் பட்டயம் எழுதிக் கொடுப்பதில்லை. காற்றும் கதிரொளியும் போலவே மாந்த உடலின் நுண்பொருள்களும் மாந்தர் அனைவர்க்கும் பொதுவானவை. ஆனால், அப்பொதுப்பொருளைப் பற்றிய அறிவு மருந்தாக உருப்பெற்றவுடன், உடையார்க்குத் திறந்த வாயிலும் இல்லார்க்கு அடைத்த கதவுமாக அஃது இரண்டுபட்டு நிற்கின்றது. மார்பகப் புற்றுநோயாராய்ச்சியில் பெரும்பெயர் பெற்ற 'எர்-2' என்னும் புரதத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

எர்-2 நம் ஒவ்வொருவர் உடலிலும் உள்ளதே. உயிரணுவாகிய கண்ணறையின் மேற்பரப்பில் நின்று, 'வளர்க, பெருகுக' என்னும் குறிப்பை உள்ளே செலுத்துவது அதன் தொழில். இயல்பான கண்ணறையில் இதற்குரிய மரபணு இரண்டு படிகளாகவே இருக்கும். சில மார்பகக் கட்டிகளிலோ அது பன்மடங்கு பெருகிவிடுகின்றது. புரதமும் மேற்பரப்பெங்கும் நிறைந்துவிடுகின்றது. விளைவு, ஓயாத வளர்ச்சி. 1985-இல் ஆக்சல் உல்ரிக்கு முதலானோர் இம்மாந்த மரபணுவின் அமைப்பைப் படித்தறிந்தனர். 1987-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துத் தெனிசு சிலாமனும் உடனாய்வாளரும் 189 கட்டிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் இம்மரபணு பெருகியிருந்ததையும், அந்நோயாளியர்க்கு நோய் விரைந்து மீண்டதையும் வெளியிட்டனர். இன்றைய கணக்கோ 15 முதல் 20 விழுக்காடு என்பதாகும்.

ஒரு புரதத்தை ஆராய வேண்டுமாயின் முதலில் அது கைக்கு எட்ட வேண்டும். கட்டியிலிருந்து பிரித்தெடுத்தாற் கிடைப்பது மிகச் சிறிது. பிற பொருட் கலப்போ மிகுதி. ஆகவே, மாந்த மரபணுவை வேறோர் உயிரின் கண்ணறைக்குள் இணைத்து, அக்கண்ணறையைக் கொண்டே அப்புரதத்தைச் செய்விக்கின்றனர். நுண்ணுயிரி விரைந்து செய்யும்; ஆயின், மாந்தப் புரதத்தின்மேல் அமையும் சருக்கரைத் தொடர்களை மாந்த உடல் அமைக்குமாறு அஃது அமைக்காது. அதனாற் பாலூட்டிகளின் கண்ணறைகளையும் இதற்குப் பயன்கொள்கின்றனர். இவ்வாறு ஆக்கப்பட்ட புரதமே, எந்த எதிர்ப்பொருள் பிழையின்றிப் பற்றுகின்றது என்று காட்டும் உரைகல். நோயறியும் ஆய்வுகளைச் சரிபார்க்கும் எடைக்கல்.

எர்-2-ஐப் பற்றும் எலியின் எதிர்ப்பொருளொன்றை மாந்த உடல் ஏற்குமாறு மாற்றியமைத்து 1992-இல் அறிவித்தனர். திராசுதுசுமாபு என்னும் அம்மருந்துக்கு 1998-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. 2015-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. இன்றியமையாதது என்றால் எல்லார்க்கும் எட்ட வேண்டுமன்றோ? எட்டியதா? முதல் நிறுவனத்தின் மருந்துக்கு ஏறத்தாழ 20,000 அமெரிக்கத் தாலர் ஆகின்றது என்று உலக நலவாழ்வு நிறுவனமே 2019-இல் அறிவித்தது. பிறர் செய்யும் ஒப்புமருந்துகள் பொதுவாக 65 விழுக்காடு மலிவு என்றும் அதுவே கூறிற்று.

இந்தியாவில் விலைகுறைப்புக் குரல் வலுத்த பின், 2013-இல் உரோச்சு நிறுவனம் இம்மருந்தின் காப்புரிமையைத் தொடர்வதைக் கைவிட்டது. அவ்வாண்டே பெங்களூருப் பயோகான் நிறுவனத்தின் ஒப்புமருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்த ஆண்டே உரோச்சு தில்லி உயர்முறைமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. காப்புரிமை விலகினும் கதவு தானாகத் திறந்துவிடவில்லை என்க.

ஆராய்ச்சிக்கும் ஆக்கத்திற்கும் பெருஞ்செலவு ஆகின்றது என்பர் நிறுவனத்தார். ஆகின்றது, மறுப்பாரில்லை. உழைத்தவன் ஊதியம் பெறுதலும் முறையே. ஆனால், போட்டி வந்த அளவில் விலை பாதிக்கும் கீழே இறங்குமாயின், முன்னிருந்த விலை செலவின் அளவா, வாங்குவார் நோயின் அளவா? பல்கலைக்கழகங்களில் பொதுப்பணத்தால் வளர்ந்த அறிவும், ஆய்வுக்குத் தம் கட்டிகளையே தந்த பெண்டிரின் பங்கும் அவ்விலையில் எந்த மூலையில் எழுதப்பட்டுள்ளன?

2022-இல் உலகில் ஏறத்தாழ 23 இலக்கம் பெண்கள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாயினர்; 6 இலக்கத்து 70 ஆயிரவர் மாண்டனர். அவர்களுள் எர்-2 மிகுந்தவர் யார் என்று ஆய்ந்தறியாமல் இம்மருந்தைத் தருதல் வீண். நெஞ்சாங்குலையை அது தாக்கவுங்கூடும். எனவே, மருந்தை மட்டும் கேட்பது அரைக் கோரிக்கையே. நோயறியும் ஆய்வு அரசு மருத்துவமனைதோறும் கட்டணமின்றி நடைபெறல் வேண்டும். ஒரு கிராமின் பத்திலக்கத்தில் ஒரு பங்கு என்னும் அளவிற் குப்பிகளில் விற்கப்படும் ஆராய்ச்சிப் புரதங்களை, அயலாரை எதிர்பாராது நம் பல்கலைக்கழகங்களே ஆக்கி நம் ஆய்வாளர்க்கு வழங்கல் வேண்டும். ஒப்புமருந்துகளின் தரத்தையும் விலையையும் அரசே கண்காணித்தல் வேண்டும்.

நோய் ஏழை செல்வர் என்று பார்த்து வருவதில்லை. மருந்து மட்டும் பார்த்து வருமாயின், குற்றம் மருந்தினுடையதன்று. அதைப் பூட்டி வைத்திருக்கும் முறையினது. பூட்டைத் திறக்கும் திறவுகோல் அறிவிலும் உள்ளது. அதைக் கேட்டுப் பெறும் மக்கள் துணிவிலும் உள்ளது. கேளாதிருத்தலே இனிப் பெரும்பிழை!