கருப்பட்டியும் ஆய்வு அலுவலரும்

சாத்தான்குளம், உடன்குடிப் பகுதிகளிலிருந்து வரும் நீரிழிவு நோயாளிகள் பலர், "சீனியை விட்டுவிட்டோம், கருப்பட்டிக் காப்பிதான்" என்று நிறைவோடு கூறுகின்றனர். பதநீரை மட்டுமே காய்ச்சிய தூய கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும். சீனிப்பாகு கலந்ததாயின் அவர்கள் விட்டதாக எண்ணும் சீனியையே கூடுதல் விலைக்கு வாங்கி உண்கின்றனர்.

இக்கலப்படத்தைக் கண்ணாலோ நாவாலோ உறுதிசெய்ய இயலாது. அது உணவுப் பாதுகாப்பு அலுவலரின் பணி. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாக்கி முத்திரையிடப்படும். ஒன்று பகுப்பாய்வாளருக்குச் செல்லும். 14 நாள்களுக்குள் அறிக்கை வர வேண்டும். இதனைக் கெடுபிடி என்று வணிகர் சிலர் குறைகூறுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பனையேறி உயிரைப் பணயம் வைத்து இறக்கும் பதநீரோடு மூட்டைச் சீனி விலையில் போட்டியிடுவதே அநீதி. அலுவலர் வராத சந்தையில் முதலில் தோற்பவர் நேர்மையான கருப்பட்டி வணிகரே.

அச்சட்டத்தின் 40ஆம் பிரிவு வாங்குபவருக்கும் உரிமை தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உள்ளது. ரசீது கேட்டு வாங்குங்கள். ஐயமிருப்பின் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்புங்கள். நாளொன்றுக்கு எவ்வளவு கருப்பட்டி சேர்க்கிறீர்கள் என்பதை மட்டும் எங்களிடம் மறைக்க வேண்டா.