கையெழுத்துக்கு முன்

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். அதற்குப் பத்து இடத்தில் விசாரிக்கிறோம், பொருத்தம் பார்க்கிறோம். ஆனால், இருபது முப்பது ஆண்டுகள் பணம் கட்டவேண்டிய ஆயுள் இன்ஷூரன்ஸுக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "வந்தவர் வேண்டியவர், முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்பதா?" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இந்தத் தாட்சண்யமே நம்மவர் செய்யும் முதல் தவறு என்பேன்.

என் ஊர் அந்தமானில் உள்ள புரோத்ராபூர். 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தை அடுத்தது. எங்கள் தெருவில் லாரி ஓட்டிய ஒருவர் இருந்தார். பிழைப்புக்காகக் கப்பலேறி வந்த தமிழர். ஏஜெண்டு நீட்டிய படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டார். அவருக்கு நீரிழிவு நோய் உண்டு. படிவத்திலோ நோய் எதுவும் இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் ஆண்டில் அவர் இறந்தார். காப்புத் தொகை மறுக்கப்பட்டது. அந்த அம்மையார் இரண்டு பிள்ளைகளுடன் நின்ற நிலையை நான் மறக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் பிரீமியம் சிறிது கூடியிருக்கலாம். குடும்பம் கலங்கி நின்றிராது.

சட்டம் என்ன சொல்கிறது? 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்தபின், எக்காரணம் காட்டியும் அதன் செல்லுபடியை எதிர்த்துக் கேட்க முடியாது. அதற்குள் பொய்யோ மறைப்போ தெரியவந்தால் மறுக்கலாம். படிவத்தை எழுதியவர் யாராயினும் கையெழுத்து நம்முடையது அன்றோ!

இரண்டாம் தவறு, காப்பையும் சேமிப்பையும் ஒன்றாகக் குழப்புவது. "கட்டிய பணம் திரும்பி வருமா?" என்பதே நம் முதற் கேள்வி. திரும்பி வரும் பாலிசியில் பிரீமியம் மிகுதி, காப்பு குறைவு. வெறும் காப்புக்கான டெர்ம் பாலிசியில் உயிரோடிருந்தால் ஒன்றும் வராது. ஆனால் அதே பிரீமியத்துக்குப் பன்மடங்கு காப்புக் கிடைக்கும். ஆண்டுக்கு மூன்று லட்சம் சம்பாதிப்பவர் இரண்டு லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால், அவர் குடும்பத்துக்கு அது எட்டு மாதச் சோறு. வருமான வரியைக் குறைக்க மார்ச்சு மாதத்தில் ஓடிப்போய் எடுப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, நியமனதாரரை மறந்துவிடுவது. மணமாகாதபோது தாயின் பெயரை எழுதுகிறோம், மணமானபின் மாற்றுவதில்லை. 2015-க்குப் பின், நியமிக்கப்பட்ட பெற்றோர், மனைவி, கணவன், மக்கள் ஆகியோர் அத்தொகைக்கே உரியவர் ஆகின்றனர். பெயரை மாற்றாத சோம்பல் மனைவி மக்களை வெறுங்கையோடு நிறுத்திவிடும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எங்கள் தீவுகளை விழுங்கியது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் பொதுவாக ஏழாண்டு கேட்கும்; அன்று இறப்புச் சான்று கிடைக்க அரசு தனி வழி வகுக்கவேண்டியதாயிற்று. வீடு போனால் பத்திரமும் போகும். பாலிசி எண்ணை வீட்டிலுள்ளோர் அறிந்திருக்கவேண்டும்; ஒரு நகல் வேறோர் ஊரில் இருக்கவேண்டும். பெட்டியில் பூட்டி, சாவியோடு கடலுக்குள் போன பாலிசியால் யாருக்கு என்ன பயன்?

"எளிய மக்களுக்கு இத்தனை நுணுக்கம் எப்படித் தெரியும்? விற்பவர் அல்லவா சொல்லவேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விற்பவருக்குக் கமிஷன் உண்டு. எனவே பொறுப்பும் உண்டு. ஆனால், 245 நிறுவனங்களைச் சேர்த்து 1956 செப்டம்பர் 1-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தை அரசு நிறுவியதே மக்கள் பணம் பாழாகக் கூடாது என்றுதான். நிறுவனத்தின் குற்றத்திலிருந்து அரசு நம்மைக் காக்கலாம். படிக்காமல் கையெழுத்திடும் பழக்கத்திலிருந்து யார் காப்பது?

தோழர்களே! நாம்தான் காக்கவேண்டும். நம் தந்தையர் பலர் ஆங்கிலப் படிவத்தைக் கண்டு அஞ்சுபவர்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டிலுள்ள பாலிசியை எடுங்கள். தொகை என்ன, தவணை எப்போது, பெயர் யாருடையது என்று தமிழில் படித்துச் சொல்லுங்கள். புதிதாக எடுத்திருந்தால், பத்திரம் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பதையும் சொல்லுங்கள். பட்டம் பெற்றபின் செய்யும் தொண்டு இருக்கட்டும். இது இந்த விடுமுறையிலேயே செய்யக்கூடிய தொண்டு.