இரண்டு கிலோவுக்கு நாலு கிலோ

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

நம்மாழ்வார் நினைவுச் சொற்பொழிவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தஞ்சை மாவட்டத்தில் ஓர் ஊர், கல்யாண மண்டபம். இருபது நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஐம்பது நிமிஷம் பேசினேன். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் என்னைவிட மோசம். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

“தம்பி, அய்யா சொன்னாருன்னு மாப்பிள்ளைச் சம்பா போட்டிருக்கேன். அறுத்தா யாரு வாங்குவா?”

கேள்விகளுக்கு நேரமில்லை, சாப்பாடு ஆறிவிடும் என்றார் தொகுத்து வழங்கியவர். நானும் பதில் சொல்லாமல் சால்வையோடு கார் ஏறினேன். அந்தப் பெரியவருக்கான நேரத்தைத் தின்றவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கேள்வி சாதாரணமானதா? மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாசத்துக்கு மேல் வயலில் நிற்கும். ஆளுயரம் வளரும். கடைசி மழைக்குச் சாய்ந்தால் மெஷின் அறுப்பு சிரமம். இத்தனையும் தாண்டிக் களத்துக்குக் கொண்டுவந்தால், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் விலைக் கணக்கில் இரண்டே ரகம்: சன்ன ரகம், பொது ரகம். பாரம்பரிய ரகம் என்று தனி வரி கிடையாது. நகரத்துக் கடையில் அதே அரிசி என்ன விலைக்குப் போகிறது என்று உங்கள் வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள். நடுவில் போகும் பணம் யாருக்கு? இதைப் பேசாமல் நாலு பேர் நாலு மணி நேரம் என்ன பேசினோம்? ‘இயற்கை விஞ்ஞானி’, ‘பச்சைத் துண்டு’, ‘வெண்தாடி வேந்தர்’. கைத்தட்டல்!

பேசுவதே தப்பு என்கிறீரா, நம்மாழ்வாரும் பேசியவர்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், பேசினார், எழுதினார். திருக்காட்டுப்பள்ளி பக்கத்து இளங்காட்டில் பிறந்த மனுஷர், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து அரசு வேலையை 1969இல் உதறிவிட்டு ஊர் ஊராகப் போனார். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் வயல்களில் உப்பு ஏறியபோது அந்த மண்ணை மீட்க விவசாயிகளோடு நின்றார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் பிரிந்தபோதும் மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரசாரத்தில்தான் இருந்தார். அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு வேலை நடந்தது. நம் பேச்சுக்குப் பின்னால் சாப்பாடுதான் நடக்கிறது.

நான் பி.காம். படித்தவன். வருஷத்துக்கு ஒரு முறை கூடினால் போன வருஷக் கணக்கை முதலில் வாசிக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வாசித்துப் பார்ப்போமா? மீத்தேன் திட்டத்துக்குத் தமிழக அரசு 2015இல் தடை போட்டது. வரவு. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. வரவு. ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அந்தச் சட்டம் தொடாது. பற்று. 2023இல் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் ஒரத்தநாடு பக்கத்து வடசேரியின் பெயர் திடீரென்று வந்தது. சட்டசபையில் கட்சி பேதமில்லாமல் எதிர்த்தார்கள், சில நாளில் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதாவது, சட்டம் இருக்கிறது என்று தூங்க முடியாது. இந்தக் கணக்கை எந்த நினைவு மேடையில் கேட்டீர்கள்?

வழி தெரியவில்லையா? டெல்டாவிலேயே இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006இல் ‘நெல்’ ஜெயராமன் விதைத் திருவிழா ஆரம்பித்தார். நம்மாழ்வாரின் வழியில் வந்தவர். விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதை இலவசம். ஒரே நிபந்தனை: அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் 170க்கும் மேற்பட்ட ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. 2018இல் ஜெயராமனும் போய்விட்டார். அந்த நிபந்தனை போகவில்லை.

நினைவுச் சொற்பொழிவுக்கும் அதையே வைக்கலாம். மேடையில் ஒரே பேச்சாளர், அரை மணி நேரம். அதற்கு முன் போன வருஷக் கணக்கு. மீதி நேரம் பின்வரிசைக்காரர்களுக்கு. கேட்டவர்கள் அடுத்த டிசம்பரில் வெறுங்கையோடு வரக் கூடாது. ஒருத்தர் இரண்டு மூட்டைக்கு நேரடியாக ஆள் பிடித்துக் கொடுத்திருக்கலாம். இன்னொருத்தர் கொள்முதலில் தனி வரி கேட்டு கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்த ரசீதைக் கொண்டுவரலாம். ஒன்றும் முடியவில்லையா? வீட்டு உலையில் மாசத்துக்கு இரண்டு படி அந்த அரிசியைப் போடலாம்.

என்னை மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்று தெரியும். பரவாயில்லை. அந்தப் பெரியவரைக் கூப்பிடுங்கள். சால்வையையும் அவருக்கே போர்த்துங்கள். போர்த்துவதற்கு முன்னால், அந்த நெல்லை யார் வாங்கினார்கள் என்று கேளுங்கள்.