நாலு டிஸ்க் போட்டா பேக்கப்பா? போங்கய்யா!

நம்ம பொட்டி தட்டும் கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது "வீட்டுக் கம்ப்யூட்டர்ல டிஸ்க் போட இடமே இல்லையே, என்ன பண்றது?"ன்னு கேட்டா போதும். கேட்ட வாய் மூடறதுக்குள்ள "ஒரு ரெய்டு பொட்டி வாங்கிடு மச்சி, அப்புறம் கவலையே இல்ல"ன்னு அருள்வாக்கு சொல்லிடுவோம். நானும் சொன்னவன்தான். சொன்னதோட நிக்காம சொந்த அப்பா தலையிலயே கட்டினவன். அதனால இந்தத் திட்டு மொதல்ல எனக்கு. மிச்சம் இருந்தா உங்களுக்கு.

அப்பாவுக்கு வலங்கைமான்ல சின்ன போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பங்குனியில பாடைகட்டி மாரியம்மன் திருவிழா. நோயிலேர்ந்து பொழைச்சவங்க உசிரோட பாடையில படுத்து வேண்டுதல் செலுத்தற திருவிழா அது. வருஷா வருஷம் எடுத்து வெச்சிருந்தார். அதுல ஒரு படம் எங்க அப்பாயி. பாடையில படுத்தவங்க எழுந்து வந்து, அதுக்கப்புறம் பதினோரு வருஷம் எங்களை அதட்டிக்கிட்டு இருந்தாங்க.

பழைய டவர் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும், உள்ளங்கை அகல மினி கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். உள்ள டிஸ்க் போட இடம் கிடையாது. வெளிய ரெண்டு டிஸ்க் ரெய்டு பொட்டி. ரெண்டுலயும் ஒரே சரக்கு. "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்பா"ன்னு லெக்சர் வேற. ஒருநாள் கரண்ட் போய் வந்துச்சு. பொட்டியில லைட் எரியல. ரெண்டு டிஸ்க்கும் நல்லாத்தான் இருக்கு, செத்தது பொட்டி! கழட்டி வேற டாக்ல மாட்டினா "ஃபார்மேட் பண்ணவா?"ன்னு கேக்குது. அந்தப் பொட்டி தன் சொந்த முறையில எழுதி வெச்சிருக்கு, அதே மாடல் இருந்தாத்தான் படிக்கும். அதே மாடல் இப்ப விற்பனையில இல்ல. மீட்டுக் கொடுக்கறவங்க பொட்டி விலையைப் போல பல மடங்கு கேட்டாங்க. கொடுத்தோம். பாதிதான் வந்துச்சு.

அப்பாயி படம் வந்த பாதியில இல்ல. கடைசியில எங்க கிடைச்சுது தெரியுமா? மன்னார்குடி அத்தை வீட்டுச் சுவத்துல. ஃப்ரேம் போட்ட பிரிண்ட். என்ஜினியரிங் படிச்ச நான் செய்யாததை ஒரு ஆணி செஞ்சிருக்கு.

இதுல கம்பெனிக்காரங்க பங்கும் இருக்கு. 2012 வரைக்கும் மேக் ப்ரோவுக்குள்ள நாலு டிஸ்க் மாட்ட இடம் இருந்துச்சு. 2013ல வந்த உருளையில ஒண்ணுகூட இல்ல. 2024ல எம்4 மேக் மினி இங்க வந்தப்போ 256 ஜிபி மாடல் 59,900 ரூபாய், 512 ஜிபி மாடல் 79,900. கூட 256 ஜிபிக்கு 20,000! உள்ள இடத்தை எடுத்துட்டா, நாம வெளிய பொட்டி தேடித்தானே ஆகணும்?

அங்கதான் ரெய்டு வந்து நிக்குது. 1988ல பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் எழுதின கட்டுரையில ரெய்டுல வர்ற 'ஐ'க்கு 'இன்எக்ஸ்பென்சிவ்'னுதான் அர்த்தம், அதாவது மலிவு. அப்புறம் வியாபாரிங்க அதை 'இண்டிபெண்டன்ட்' ஆக்கிட்டாங்க. மலிவு பேர்லேர்ந்தே போயிடுச்சு :-)

ரெய்டு வேஸ்ட்னு சொல்லல. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிக்காம ஓட அது வேணும். ஆனா தப்பா ஒரு ஃபைலை அழிச்சா ரெண்டு பக்கமும் சேர்ந்தே அழியும். இடி விழுந்தா, திருடன் வந்தா, எல்லாம் ஒண்ணாவே போகும். அது பேக்கப் இல்ல மக்களே.

அப்ப என்ன வாங்கறது? ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியா காட்டற, ரெய்டு இல்லாத மலிவுப் பொட்டி. சாதா யூஎஸ்பி 3.0 போதும். சுத்தற டிஸ்க் ஒண்ணு விநாடிக்கு 150லேர்ந்து 250 எம்பிதான் தரும், அந்தக் கேபிள் 400க்கு மேல தாங்கும். இதுக்குப் போய் தண்டர்போல்ட்டுக்குக் காசைக் கொட்டாதீங்க. வாங்கின அன்னிக்கே ஒரு டிஸ்க்கைக் கழட்டி வேற டாக்ல மாட்டிப் பாருங்க. திறக்கலைன்னா பொட்டியைத் திருப்பிக் கொடுத்துடுங்க. மிச்சமான காசுல இன்னொரு டிஸ்க் வாங்கி, காப்பி எடுத்து, வேற ஊர்ல வைங்க.

"கிளவுட்ல போடேன்"னு கேப்பீங்க. கல்யாண வீடியோ டெராபைட் கணக்குல இருக்கு, மாசா மாசம் வாடகை யார் கட்டறது? முக்கியமான படங்களுக்கு மூணாவது காப்பியா வெச்சுக்கலாம், அவ்ளோதான்.

உ.வே.சா.வோட சொந்த ஊர் உத்தமதானபுரம் எங்க ஊருக்குப் பக்கம்தான். ஒரே நூலுக்கு ஊர் ஊரா பிரதி தேடி அலைஞ்சார். ஒரு ஏட்டுல செல்லரிச்ச வரி இன்னொரு ஊர் ஏட்டுல இருந்துச்சு. கரிவலம்வந்தநல்லூர்ல கோயில் ஏடுகளை நெருப்புல போட்டுட்டாங்கன்னு கேட்டு நொந்து போனதையும் எழுதியிருக்கார். நம்ம நூல்கள் தப்பிச்சது கெட்டியான பெட்டியால இல்ல, பல வீட்ல இருந்ததால.

இப்ப அப்பா மாசம் ஒருதடவை டிஸ்க்கைத் துண்டுல சுத்தி, மஞ்சப்பையில போட்டு மன்னார்குடி பஸ் ஏறறார். அத்தை வீட்டு பீரோதான் எங்க டேட்டா சென்டர்.

டிஸ்கி: பொட்டி விக்கறவங்க யாராவது கும்ம வந்தா தாராளமா வாங்க. வர்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுக் கல்யாணப் படம் எத்தனை வீட்ல இருக்குன்னு எண்ணிட்டு வாங்க.