வாடகை ஜாக்கியும் சங்கத்தின் பொறுப்பும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அதற்கப்பால் ஏலத் தோட்டங்களுக்குப் பிரியும் மண்பாதைகள் பலவற்றில் கிரேன் ஏறாது. அங்கே ஜீப் பள்ளத்தில் இறங்கினாலும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் தூண் அமிழ்ந்தாலும், கடப்பாரையும் தோள்வலியுமே துணை. அடிவாரத்தில் நெசவாளரின் தறிக்கூடத்து உத்தரம் சாய்ந்தாலும் நிலைமை இதுவே.

இவ்வேலைக்கு ஏற்றது ஹைட்ராலிக் ஜாக்கி. அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டார். 1 செ.மீ. விட்டமுள்ள சிறு தண்டை அழுத்தினால், 5 செ.மீ. விட்டமுள்ள பெருந்தண்டு ஏறக்குறைய 25 மடங்கு விசையுடன் எழும். ஆனால் சிறியது 25 அங்குலம் நகர்ந்தால்தான் பெரியது ஓர் அங்குலம் ஏறும். இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை!

ஆண்டில் இரண்டொரு நாள் தேவைப்படும் கருவியை ஒவ்வொருவரும் விலைக்கு வாங்குவது வீண். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் புல்டோசரையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் உழவுக் கருவிகளை அவ்வாறே வழங்குகின்றன. பளுதூக்கும் கருவிகளும் அப்பட்டியலில் சேர வேண்டும் என்பது என் கருத்து. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கலப்பை பழுதானால் உழவு நிற்கும். ஜாக்கி பழுதானால் கீழே இருப்பவனின் உயிர் போகும்.

ஆதலின் பதிவேட்டில் பெயரும் தொகையும் எழுதுவது மட்டும் போதாது. கருவி திரும்பும்போதெல்லாம் எண்ணெய்க் கசிவு உண்டா, தண்டு வளைந்துள்ளதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அவசரத்துக்கு பிரேக் எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. அது உள்ளேயுள்ள ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். நிமிர்த்தி வைக்கவேண்டிய சாதாரண ஜாக்கியைப் படுக்கவைத்துப் பாறையைத் தள்ள முயல்வோரும் உண்டு. அதற்குப் பம்பு தனியாகவும் குழாய் வழியே இணைந்தும் உள்ள வேறு வகை வேண்டும்.

இவையனைத்தினும் முக்கியம், கருவியுடன் மரக்கட்டைகளையும் தடித்த பலகையையும் சேர்த்தே கொடுப்பது. மழையில் ஊறிய சரிவில் பலகையின்றி வைத்த ஜாக்கி மண்ணில் புதையும். ஜாக்கி தூக்குவதற்கே, தாங்குவதற்கன்று. பளு எழ எழக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் இறக்கிய பின்பே எவரும் கீழே குனியலாம்.

இவ்வளவுக்கும் செலவாகுமே எனலாம். ஆகத்தான் செய்யும். வாடகையை மிகக் குறைத்தால் பொதுக்குழுவில் கைதட்டல் கிடைக்கும். தேய்ந்த வளையத்தை மாற்றப் பணம் இராது. பராமரிப்புச் செலவையும் கணக்கிட்டு நிர்வாகக் குழு வாடகையை நிர்ணயிக்கட்டும். கட்டைகளை எடுத்துச் செல்ல மறுப்பவர் தலைவரின் உறவினரேயாயினும், அவருக்கு ஜாக்கியைக் கொடுத்தல் கூடாது.